மீன் கழிவைப் புளிக்கவைத்தலிலும் நுண்ணுயிர்த் தீவனத்திலும் எழும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகக் கண்டறிந்து சரிசெய்யும் வழிமுறை

மீன் தலை, குடல், செவுள், நடுமுள், இறால் தலை, ஓடு ஆகியவற்றை லாக்டிக் அமில பாக்டீரியாவைக் கொண்டு புளிக்கவைத்து, கெடாத தீவனப் பொருளாக மாற்றும் முறைக்குப் பெரிய எந்திரங்கள் தேவையில்லை. ஆனால் அது பிசகும்போது எந்த இடத்தில் பிசகியது என்று கண்டுபிடிக்கப் பொறுமை தேவை. பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது நுண்ணுயிரைத்தான். உடனே வேறொரு பொட்டலத்தை வாங்கிக் கொட்டுகிறார்கள். என் மதிப்பீட்டில், கோளாறுகளில் பெரும்பகுதி நுண்ணுயிரால் வருவதில்லை. சர்க்கரை போதாமை, கலவை சீராகக் கலக்காமை, அரைப்பதற்கு முன்பே கழிவு கெடத் தொடங்கியிருத்தல் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் அளக்க வேண்டியதையும், பிறகு மாற்ற வேண்டியதையும் சொல்லியிருக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, சரியாக நடக்கும் ஒரு தொகுதி எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். 10 மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாக அரைத்த 100 கிலோ மீன் கழிவுடன் 10 முதல் 15 கிலோ மொலாசஸும் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு), ஒரு மில்லியில் ஏறத்தாழ 10 கோடி உயிருள்ள செல்கள் கொண்ட லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற லாக்டிக் அமில பாக்டீரியாவின் தாய்க்கரைசல் (உறைமோர் போலப் புளிப்பைத் தொடங்கிவைக்கும் கரைசல்) 2 முதல் 5 லிட்டரும் சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி, 30 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால், தொடக்கத்தில் 6.5-ஐ ஒட்டி இருக்கும் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 48 முதல் 72 மணி நேரத்துக்குள் 4.5-க்குக் கீழே இறங்க வேண்டும். கலவை இளகிக் கூழாகும்; அழுகல் வாடை குறைந்து புளிப்பு வாடை மேலெழும். இந்த இறக்கத்தைக் காலையும் மாலையும் எழுதிவைக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கீழே உள்ள எந்த வழியும் முழுப் பயன் தராது.

அறிகுறி 1: மூன்று நாள் ஆகியும் பி.எச். 5-க்குக் கீழே இறங்கவில்லை

முதலில் அளவியை நம்பலாமா என்று பாருங்கள். மீன் கொழுப்பு மின்முனையின் கண்ணாடிக் குமிழில் படலமாகப் படிந்துவிட்டால் அளவீடு மெதுவாக நகர்ந்து தவறான இடத்தில் நிற்கும். மென்மையான சோப்புக் கரைசலில் கழுவி, பி.எச். 4, பி.எச். 7 ஆகிய இரண்டு தரக்கரைசல்களிலும் சரிபார்த்த பிறகே அளக்க வேண்டும். நிறம் மாறும் தாளைப் பயன்படுத்துவோருக்கு வேறொரு சிக்கல் உண்டு: மொலாசஸின் பழுப்பு நிறம் தாளில் ஏறி, நிறத்தை ஒப்பிடுவதையே குழப்பிவிடும். இந்த வேலைக்குத் தாளை நான் பரிந்துரைப்பதில்லை.

அளவி சரி என்றால், பீப்பாயின் மேல்பகுதி, நடு, அடி என்று மூன்று இடங்களில் மாதிரி எடுத்து அளவுங்கள். மொலாசஸ் கெட்டியானது, தண்ணீரைவிட மிகவும் கனமானது. அதை அப்படியே மேலே ஊற்றி நாலு கிண்டு கிண்டினால், பெரும்பகுதி அடிக்குப் போய்ச் சேரும். அடியில் பி.எச். 4.2 என்றும் மேலே 6 என்றும் காட்டும் பீப்பாய், கலக்கப்படாத பீப்பாய்தான். மேற்பகுதியில் அழுகல் இன்னும் தொடங்கவில்லை என்றால் மறுபடி நன்றாகக் கலக்கினாலே தேறிவிடும். அடுத்த முறை மொலாசஸை வெதுவெதுப்பான தண்ணீரில் சம அளவு கரைத்து, அரைக்கும்போதே சிறிது சிறிதாகச் சேர்ப்பது நல்லது.

மூன்று இடங்களிலும் ஒரே அளவு காட்டினால், குறை சர்க்கரையிலா நுண்ணுயிரிலா என்று பிரித்தறிய வேண்டும். மீன் தசையில் பாக்டீரியா அமிலமாக மாற்றக்கூடிய சர்க்கரை மிகக் குறைவு. நாம் சேர்ப்பதை மட்டுமே அது நம்பியிருக்கிறது. மொலாசஸில் சர்க்கரை ஏறத்தாழ பாதிதான் என்பதும், தண்ணீர் கலந்து விற்கப்படும் மொலாசஸில் அதுவும் இருக்காது என்பதும் கணக்கில் வர வேண்டும். நான்கு சிறு புட்டிகளில் அதே கலவையை அரை கிலோ வீதம் எடுத்து, ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் 25 கிராம் வெல்லம் அல்லது சர்க்கரை மட்டும் சேருங்கள். மூன்றாவதில் புதிய தாய்க்கரைசல் 25 மில்லி மட்டும் சேருங்கள். நான்காவதில் இரண்டையும் சேருங்கள். 30 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து அளந்தால் விடை தெரியும். இரண்டாவது புட்டி இறங்கினால் சர்க்கரை குறைவு. மூன்றாவது இறங்கினால் தாய்க்கரைசல் செத்ததோ பலவீனமானதோ. நான்காவது மட்டும் இறங்கினால் இரண்டுமே போதவில்லை. நான்குமே இறங்கவில்லை என்றால் கழிவிலேயே ஏதோ தடுப்புப் பொருள் இருக்கிறது.

அந்தத் தடுப்புப் பொருளைத் தேடுவது பலருக்குத் தோன்றுவதில்லை. பதப்படுத்தும் கூடங்களில் தரை, மேசை, கூடைகளைக் கழுவிய குளோரின் நீர் கழிவோடு கலந்திருக்கலாம். இறால் கறுக்காமல் இருக்கச் சோடியம் மெட்டாபைசல்பைட்டில் முக்கியெடுக்கும் வழக்கம் உள்ள இடங்களில், தலையும் ஓடும் அந்தச் சல்பைட்டையும் சுமந்து வரும், பி.எச். இறங்க இறங்க அதன் கிருமிக்கொல்லி ஆற்றல் கூடும் என்பதால், தொடக்கத்தில் நன்றாக இறங்கிய கலவை பாதியில் நின்றுவிடும். உப்பிட்ட மீனின் கழிவு என்றால், கலவையில் உப்பு 8 விழுக்காட்டைத் தாண்டும்போது புளிப்பேற்றம் மந்தமாகிவிடும். இவற்றில் எதற்கும் கூடுதல் பொட்டலம் மருந்தாகாது. கழிவைக் கழுவி எடுப்பதோ, மூலத்திலேயே தனியாகப் பிரித்து வாங்குவதோதான் வழி.

வெப்பநிலையையும் பாருங்கள். 20 டிகிரிக்குக் கீழே புளிப்பேற்றம் தள்ளாடும். வெயிலில் நிற்கும் கறுப்புப் பீப்பாயில் 45 டிகிரியைத் தாண்டினால் பிளாண்டாரம் வகைகள் நின்றுவிடும்.

புட்டிச் சோதனையின் முடிவுக்காகப் பெரிய தொகுதியைக் காக்கவைக்கக் கூடாது. தொகுதியைத் தொடங்கிய 24 மணி நேரத்தில் பி.எச். 5.5-க்குக் கீழே வரவில்லை என்றால், கழிவு இன்னும் கெடாத நிலையில் உள்ளபோதே 85 விழுக்காடு ஃபார்மிக் அமிலத்தை 100 கிலோவுக்கு 3 கிலோ என்ற கணக்கில், சிறிது சிறிதாகக் கலந்து பி.எச். 4-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். தலையும் நடுமுள்ளும் மிகுந்த கலவைக்கு, எலும்பின் சுண்ணச்சத்து அமிலத்தைத் தின்றுவிடுவதால், இன்னும் கொஞ்சம் கூடத் தேவைப்படும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த அமிலத்தைத் தொடவே கூடாது. தோலில் பட்டால் ஆழமான புண் உண்டாக்கும். பசுந்தீவனத்தை அமிலமிட்டுக் காக்கும் முறைக்காக 1945-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற பின்லாந்து அறிவியலாளர் விர்த்தானனின் வழியும் இதே கருத்தின் மேல் நின்றதுதான்: நுண்ணுயிர் அமிலம் தர முடியாதபோது நாம் அமிலம் தந்து கேட்டைத் தடுக்கிறோம்.

அறிகுறி 2: பி.எச். 4.3 வரை இறங்கி, இரண்டு வாரத்தில் மறுபடி ஏறுகிறது

மேற்பரப்பைப் பாருங்கள். வெண்படலமோ பூஞ்சணமோ இருந்தால், காற்றுப் புகுந்து, ஈஸ்ட்டும் பூஞ்சணமும் லாக்டிக் அமிலத்தையே தின்னத் தொடங்கியிருக்கின்றன. பீப்பாயை விளிம்பு வரை நிரப்பி, கலவையின் மேலேயே ஒட்டினாற்போல் பாலித்தீன் விரித்து எடை வைப்பதும், பூஞ்சணத் தடுப்பானான பொட்டாசியம் சார்பேட்டை 0.1 முதல் 0.2 விழுக்காடு சேர்ப்பதும் இதைத் தடுக்கும். பூஞ்சணம் பிடித்த மேலடுக்கைக் கலக்கிவிடாமல் தாராளமாக வழித்து எறியுங்கள்.

படலம் எதுவும் இல்லாமலே மெல்ல ஏறினால், எலும்புத்துண்டுகள் கரைந்துகொண்டிருக்கின்றன. பெரிய துண்டுகள் உள்ள கலவையில் முதல் நாள் அளவீடு கூழினுடையதுதான், எலும்பினுடையதல்ல. அரவைத் தட்டின் துளையைச் சிறிதாக்குங்கள். தொகுதியை அமிலமிட்டு மீண்டும் 4-க்கு இறக்குங்கள். வாரம் ஒருமுறை அளப்பதை நிறுத்தாதீர்கள்.

அறிகுறி 3: பீப்பாய் உப்புகிறது, வாயு வருகிறது

சிறிதளவு கரியமில வாயு இயல்பானது. வாயு வெளியேறும் நீர்ப்பூட்டு பொருத்தியிருந்தால் அது தானாகப் போய்விடும். வேறுபாட்டை வாடையும் பி.எச்.-உம் சேர்ந்து சொல்லும். பழவாடையும் சாராய நெடியும் வந்து பி.எச். தாழ்வாகவே இருந்தால் ஈஸ்ட். அதனால் சர்க்கரை வீணாகுமே தவிர ஆபத்து குறைவு. நாட்பட்ட வெண்ணெய் போலவோ வாந்தி போலவோ வாடை எழுந்து பி.எச். 4.6-க்கு மேல் இருந்தால் கிளாஸ்ட்ரிடியம் வகைகள் வளர்ந்திருக்கின்றன. இந்த இடத்தில் தயக்கமே வேண்டாம். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் காற்றில்லாத, 4.6-க்கு மேற்பட்ட பி.எச். உள்ள ஈரமான புரதத்தில் நஞ்சு சுரக்கக்கூடியது. மீனோடு தொடர்புடைய அதன் 'ஈ' வகை குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் வளரும். அத்தகைய தொகுதியை அமிலமிட்டுக் காப்பாற்ற முயலாமல், தீவனப் பாதையிலிருந்து முற்றிலும் விலக்கிவிட வேண்டும்.

அழுகிய முட்டை வாடை வந்தால் தொட்டிக்குள் இறங்கக் கூடாது, தலையை நீட்டிப் பார்க்கவும் கூடாது. அந்த வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு சிறிது நேரத்திலேயே மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று நினைத்து இறங்கியவர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்தே இறந்துபோகும் விபத்துகள் இத்தகைய தொட்டிகளில்தான் நடக்கின்றன. தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் வெளியிலிருந்தே நீர் பாய்ச்சிக் கழுவுங்கள்.

அறிகுறி 4: பி.எச். சரி, ஆனால் கலவை இளகவில்லை

கழிவை இளக்குவது பாக்டீரியாவைவிட மீனின் சொந்த நொதிகளே. அவை குடலில்தான் செறிந்திருக்கின்றன. வேகவைத்த கழிவிலும் குடல் நீக்கிய கழிவிலும் அந்த நொதிகள் போதுமான அளவு இல்லை. பச்சைக் குடலை 10 விழுக்காடு அளவில் சேர்த்தால் தீரும். குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தால் நாட்கணக்கு வாரக்கணக்காகும். அதைக் கோளாறு என்று சொல்ல வேண்டியதில்லை.

அறிகுறி 5: இறால் கழிவு நுரைத்துப் பொங்குகிறது, பி.எச். 6-லேயே நிற்கிறது

மீன் கழிவின் அளவுகளை இறாலுக்கு அப்படியே பயன்படுத்துவதால் வரும் சிக்கல் இது. பலர் இதைக் கண்டு இறாலையே கைவிட்டுவிடுவது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் இறால் கழிவில் கிடைக்கும் பயன் அதிகம். காய்ந்த ஓட்டில் 30 முதல் 50 விழுக்காடு வரை கால்சியம் கார்பனேட், 30 முதல் 40 விழுக்காடு புரதம், 20 முதல் 30 விழுக்காடு கைட்டின் (ஓட்டுக்கு உறுதி தரும் நார்ப்பொருள்). பாக்டீரியா தரும் லாக்டிக் அமிலம் ஒவ்வொரு துளியும் அந்தக் கார்பனேட்டோடு வினைபுரிந்து கால்சியம் லாக்டேட்டாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. அந்த வாயுதான் நுரை. அதாவது நுரை வந்தால் வேலை நடக்கிறது என்று பொருள், பி.எச். இறங்காததற்குக் காரணம், கரைய வேண்டிய சுண்ணம் இன்னும் மிச்சம் இருப்பதுதான்.

ஆனால் அந்த இடைவெளியில் கலவை 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்பதால், அழுகல் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ள வாய்ப்பு மிகுதி. ஆகவே மூன்று மாற்றங்கள் வேண்டும். தொடக்கத்திலேயே அசெட்டிக் அல்லது சிட்ரிக் அமிலம் சேர்த்துப் பி.எச்.-ஐ 6-க்கோ அதற்குச் சற்றுக் கீழேயோ கொண்டுவர வேண்டும். சர்க்கரையை மீனுக்குப் போடுவதைவிட அதிகமாக, இரண்டு தவணையாக, இரண்டாவதை 24 மணி நேரம் கழித்துச் சேர்க்க வேண்டும். தாய்க்கரைசலை 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் போட்டு அதன் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும். பீப்பாயில் மூன்றில் ஒரு பங்கு நுரைக்காகக் காலியாக இருக்கட்டும்.

சரியாக நடந்தால் சில நாளில் கலவை பிரியும். மேலோ நடுவிலோ ஆரஞ்சு கலந்த சாறும், அதனடியில் வெளிறிய மென்மையான ஓடுகளும் இருக்கும். ஓட்டை விரலால் வளைத்துப் பார்த்தால், படக்கென்று முறியாமல் ஈரத்தோல் போல மடங்க வேண்டும். முறிந்தால் சுண்ணம் இன்னும் கரையவில்லை. சாற்றில் புரதமும், ஆரஞ்சு நிறம் தரும் அஸ்டாசாந்தினும் வந்துவிடும். அஸ்டாசாந்தின் காற்றிலும் வெளிச்சத்திலும் வெளுத்துவிடும் என்பதால் சாற்றை இருட்டில் மூடி வையுங்கள். ஓட்டில் புரதம் மிச்சம் இருப்பதாகத் தெரிந்தால், புரதத்தைச் செரிக்கும் நொதிகளை மிகுதியாகச் சுரக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் கொண்டு இரண்டாம் கட்டம் நடத்தலாம். அதற்குக் காற்றும் நடுநிலைப் பி.எச்.-உம் தேவை, இரண்டு நுண்ணுயிர்களையும் ஒரே பீப்பாயில் ஒரே நேரத்தில் போட்டு இரண்டின் வேலையையும் எதிர்பார்க்க முடியாது.

இறால் தலையில் வெண்புள்ளி வைரசும், கணையக்கல்லீரலைத் தாக்கும் நுண்ஒட்டுண்ணிகளும் இருக்கலாம். புளித்ததாலேயே அது பாதுகாப்பானது என்று எடுத்துக்கொண்டு இறாலுக்கே திரும்பத் தீவனமாகக் கொடுக்கக் கூடாது. மீனுக்குப் பயன்படுத்துங்கள், அதையும் வேகவைத்த பின். மீன் கழிவுக்கு ஐரோப்பிய ஒன்றிய விதிகள் ஏற்கும் ஒரு முறை, 10 மில்லிமீட்டருக்குக் கீழ் அரைத்து, பி.எச். 4 அல்லது அதற்குக் கீழ் 24 மணி நேரம் வைத்து, பிறகு உள்வெப்பம் 85 டிகிரியில் 25 நிமிடம் காய்ச்சுவது. வேறெந்த விதியும் கட்டுப்படுத்தாத இடத்திலும் இதைப் பின்பற்றுவது நல்லது.

அறிகுறி 6: கூழ் நன்றாக இருக்கிறது, ஆனால் மீன் தீவனத்தைத் துப்புகிறது அல்லது வளர்ச்சி குறைகிறது

சிக்கு வாடை வந்தால் எண்ணெய் கெட்டிருக்கிறது. மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்களின் கூழில் மேலே மிதக்கும் எண்ணெயைச் சூடாக்கிப் பிரித்து எடுக்க வேண்டும். அரைக்கும்போதே ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்ப்பது அதைவிட நல்லது. அதே மீன்களிலும் சூரையிலும், அரைக்கும் முன் வெயிலில் கிடந்த நேரத்தில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகியிருக்கலாம். ஹிஸ்டமின் அமிலத்தாலும் அழியாது, கொதிக்கவைத்தாலும் அழியாது, கூழின் புளிப்பு வாடையில் தெரியவும் தெரியாது. இதற்குச் சரிசெய்யும் வழி எதுவும் இல்லை. கழிவு வெட்டப்பட்ட நேரத்திலிருந்து பனிக்கட்டியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் அரைத்துவிடுவது ஒன்றே தடுப்பு.

வாடை நன்றாக இருந்தும் வளர்ச்சி குறைந்தால், கூழ் அளவுக்கு மீறிச் செரித்திருக்கிறது. மாதக்கணக்கில் வைத்த கூழில் புரதம் பெரும்பகுதி தனி அமினோ அமிலங்களாக உடைந்துவிடும்; அமிலத்தில் டிரிப்டோஃபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலமும் குறையும். தீவனத்தில் சிறு பங்காகச் சேர்க்கும்போது உண்ணத் தூண்டும் அதே பொருள், பெரும் பங்காகச் சேர்த்தால் வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கும். கூழ் இளகியவுடன் 85 டிகிரிக்குக் காய்ச்சி நொதிகளை நிறுத்துங்கள். அது சில மீன்களில் உள்ள, தயமின் வைட்டமினை அழிக்கும் நொதியையும் செயலிழக்கச் செய்யும்.

அறிகுறி 7: புரோபயோடிக் (நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்) பூசிய தீவனம் கொடுத்தும் எந்த மாற்றமும் இல்லை

பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணிக்கையை விட்டுவிட்டு, மீன் வாய்க்குப் போகும் தீவனத்தில் எத்தனை உயிருடன் இருக்கின்றன என்று எண்ணச் செய்யுங்கள். ஒரு கிராம் தீவனத்தில் குறைந்தது 10 லட்சம் உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ் ஆகியவை பெல்லட் (தீவனக் குருணை) எந்திரத்தின் நீராவிக்கே பெரும்பாலும் இறந்துவிடும். அவற்றைக் குளிர்ந்த பெல்லட்டின் மேல் 1 முதல் 2 விழுக்காடு மீன் எண்ணெயோடு பூச வேண்டும். பேசில்லஸ் வித்துக்கள் (அதன் உறங்குநிலைச் செல்கள்) வெப்பத்தைப் பெருமளவு தாங்கும், ஆனால் தீவனத்தை அழுத்திச் சூடாக்கிப் பிதுக்கும் எக்ஸ்ட்ரூடரின் உச்ச வெப்பத்தில் அவற்றிலும் இழப்பு உண்டு. மாதிரியை 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கிய பின் எண்ணினால் கிடைப்பது வித்துக்களின் எண்ணிக்கை.

கரைக்கும் தண்ணீரில் குளோரின் இருந்தால் லாக்டிக் பாக்டீரியா அங்கேயே இறந்துவிடும். தண்ணீரைத் திறந்து வைத்து ஒரு நாள் காற்றேற்றினால் குளோரின் போகும், குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் போகாது. அதற்குச் சோடியம் தயோசல்பேட் வேண்டும். ஆன்டிபயாடிக் கலந்த தீவனத்தோடு புரோபயோடிக்கைக் கொடுப்பது, இரண்டுக்கும் செலவிட்டு ஒன்றை மற்றொன்றால் அழிப்பது.

பொட்டலத்தை மொலாசஸ் நீரில் இரவு முழுவதும் பெருக்கி மறுநாள் பூசுவோர் ஒரு கூடுதல் சோதனை செய்ய வேண்டும். காற்றேற்றாத வாளியில் பேசில்லஸ் சரியாகப் பெருகாது. அந்த இடத்தை வாளியிலும் தண்ணீரிலும் ஏற்கெனவே இருந்தவை பிடித்துக்கொள்ளும். கரைசல் நாறினாலோ, டிசிபிஎஸ் தட்டில் (விப்ரியோவைக் கண்டறியும் வளர்ப்புத் தட்டு) பூசியபோது மஞ்சள் அல்லது பச்சைக் கூட்டமைவுகள் நிறைய வந்தாலோ, அது நோய் தரக்கூடிய விப்ரியோ பாக்டீரியா பெருகியதற்கான அடையாளம். அந்தக் கரைசலைத் தீவனத்தில் பூசாமல் கொட்டிவிடுங்கள். கொதிக்கவைத்து ஆற்றிய நீர், கழுவிய மூடிய கலன், ஓயாத காற்றேற்றம் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில், பெருக்காமல் பொட்டலத்தை நேரடியாகப் பூசுவதே மேல்.

அறிகுறி 8: புளிக்கவைத்த சோயாப் பிண்ணாக்கில் அமோனியா நெடி

பேசில்லஸ் கொண்டு திடநிலையில் புளிக்கவைக்கும்போது, சர்க்கரை தீர்ந்த பின் அது புரதத்தையே எரிசக்தியாக்கத் தொடங்கி அமோனியாவை வெளிவிடும்; பி.எச். 8-ஐத் தாண்டினால் அந்தக் கட்டம் வந்துவிட்டது. சோயாவில் செரிமானத்தைக் கெடுக்கும் டிரிப்சின் தடுப்பானும், செரிக்காத சர்க்கரைகளான ஒலிகோசாக்கரைடுகளும் குறைந்த நிலையிலேயே, நெடி எழும் முன், நிறுத்தி உலர்த்த வேண்டும். தட்டில் பரப்பும் தடிமனை 5 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். குவியலின் நடுவில் வெப்பமானி செருகி, 45 டிகிரியைத் தாண்டும்போது புரட்டுங்கள். உலர்த்திய பின் ஈரம் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மூட்டையில் கட்டாதீர்கள். அந்த ஈரத்தில் அஸ்பெர்ஜில்லஸ் வளர்ந்து அஃப்ளாடாக்சின் சுரந்தால், மறுபடி உலர்த்தினாலும் நஞ்சு அப்படியே இருக்கும். நெடி எழுந்துவிட்ட தொகுதியை மெல்லிய அடுக்காகப் பரப்பி உலர்த்தினால் அமோனியாவில் ஒரு பகுதி வெளியேறும். அதை ஒரு சிறு தொட்டியில் கொடுத்துப் பார்த்து, மீன் தயங்காமல் எடுத்தால் மட்டும், மற்றப் பொருட்களோடு குறைந்த பங்கில் சேருங்கள்.